ஜப்பானுக்கு எதிராக ஜப்பான்

அந்தக் கோடையில் எங்கள் தலைமை மருத்துவர் விடுப்பில் போகும்போது தன் பொறுப்புகளை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். வார்டுகளை மூத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். யாரும் தொடாமல் மிஞ்சிய ஒன்று என்னிடம் வந்தது. நெக்கர் ஆற்றங்கரைத் திடலில் பெரிய கூடாரம் அடித்து ஆறு வாரம் குஸ்தி நடத்துவார்கள். மேடையோரம் ஒரு மருத்துவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. எழுபதுகளின் நடுப்பகுதி அது. மதராசில் படித்து முடித்து, எலும்பு மருத்துவம் பழக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு நான் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சிவப்பு முகமும் சுருட்டுமாக என்னை வரவேற்ற போட்டி அமைப்பாளர், என் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று ஒரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு கை கொடுத்தார்.

முதல் வாரமே நடுவர் எனக்கு உள்விவகாரத்தைச் சொல்லிவிட்டார். அவரும் ஒரு காலத்தில் மல்லர்தான். அறுபதை நெருங்கிய மனிதர். இரண்டு காதுகளும் நசுங்கி, உலர்ந்த அத்திப்பழம்போல் இருக்கும்.

"ஃப்ராவ் டொக்டர், யார் ஜெயிப்பது என்பதை முன்பே பேசி வைத்துவிடுவோம். காட்சிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் என்னிடம் வந்து சொல்லிவிடுவார்கள். இதை வெளியே பேசாதீர்கள். ஆனால் விழுவது மட்டும் நிஜம். அதற்குத்தான் நீங்கள்."

எனக்கு அது ஏமாற்றாகப் படவில்லை. சுளுக்கு, பிசகிய விரல், கிழிந்த புருவம் என்று சில்லறைக் காயங்கள்தான் வந்தன. தைத்து அனுப்புவேன். போகும்போது ஒவ்வொருவரும் தலை தாழ்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். இவ்வளவு மரியாதையான நோயாளிகளை நான் வார்டில் பார்த்ததில்லை.

அவர்களில் மூன்று பேர் ஜப்பானியர்கள். தங்கள் நாட்டுக் குஸ்திக் கம்பெனி அனுப்பி, தொழில் கற்க வெளிநாடு வந்த இளைஞர்கள். அவர்களுக்கு மொழிபெயர்க்க அமைப்பாளர் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தார். அவர் யாழ்ப்பாணத்துத் தமிழர். எனக்கு ஏற்கெனவே தெரிந்தவர். கப்பலில் வேலை பார்த்து, கோபே துறைமுகத்தில் ஏழு வருடம் தங்கி ஜப்பானிய மொழி கற்றவர். பிறகு எப்படியோ ஸ்டுட்கார்ட் வந்து ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரத்தில் நின்றார். கண்ணில் இரும்புத் தூள் விழுந்து எங்கள் மருத்துவமனைக்கு வந்த நாளில், அவசரப் பிரிவில் பணியிலிருந்த நான் வாய்க்குள் தமிழில் அலுத்துக்கொண்டதைக் கேட்டு, "நீங்கள் தமிழே, பிள்ளை?" என்றவர். அதிலிருந்து நான் அவருக்குத் தங்கச்சி. எனக்கு வாயில் அண்ணா என்றுதான் வரும். அது படத்தில் பேசுவதுபோல் இருக்கிறது என்று அவர் சிரிப்பார். அதனால் அண்ணை என்றே பழகிவிட்டேன்.

மூன்றாவது வாரம் இன்னும் மூன்று ஜப்பானியர்கள் வந்து இறங்கினார்கள். வேறொரு தரகர் மூலம் வந்தவர்கள். ஜப்பானியர் என்றால் எல்லாரும் ஒரே வீட்டார் என்று அமைப்பாளர் நினைத்திருக்க வேண்டும். முதல் நாள் உடை மாற்றும் அறைக்குள் புது ஆட்கள் நுழைந்ததும், பழைய மூவரும் எழுந்து, தங்கள் பைகளை எடுத்துக்கொண்டு, வெளியே போய்ப் புல்லில் உட்கார்ந்து உடை மாற்றினார்கள். அன்று லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணை, சண்டையா?" என்று கேட்டேன்.

"சண்டை எண்டு சொல்ல ஏலாது, தங்கச்சி. அதைவிட மோசம்," என்றார் அண்ணை. "முந்தி இவையள் ஆறு பேரும் ஒரே கம்பெனி. ஒரே விடுதியில படுத்து, ஒரே பானையில சாப்பிட்டவை. ரெண்டு வருசத்துக்கு முன்னம் கம்பெனி ரெண்டாப் பிளந்து போச்சு. இப்ப ஒரு பக்கத்து ஆள் மற்றப் பக்கத்து ஆளோட மேடையில ஏறக் கூடாது. கதைக்கவும் கூடாது."

இது அமைப்பாளர் காதுக்குப் போனது. அவர் கவலைப்படவில்லை. பூரித்துப்போனார். ஜப்பானில் யாரும் பார்க்க முடியாததை ஸ்டுட்கார்ட்டில் காட்டப் போகிறேன் என்றார். இரண்டு கம்பெனிகளுக்கும் தந்தி போனது. மறுப்பார்கள் என்று அண்ணை உறுதியாகச் சொன்னார். மறுக்கவில்லை. இரண்டு பக்கமிருந்தும் சம்மதம் வந்தது. கூடவே இரண்டு பேரும் வருவதாகச் செய்தி வந்தது. கம்பெனிக்கு ஒருவர், கறுப்பு சூட் போட்ட அலுவலக மனிதர்கள்.

நகரம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டினார்கள். ஞாயிறு மாலை நான்கு மணி, ஜப்பானுக்கு எதிராக ஜப்பான், மூன்று ஆட்டங்கள். டிராமில் போகும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த ஆறு முகங்கள் என்னைப் பார்த்தன.

அந்த வாரத்தில் கூடாரமே மாறிப்போனது. உடை மாற்றும் இடத்தின் நடுவே குறுக்காக ஒரு படுதாவைக் கட்டினார்கள். இந்தப் பக்கம் மூவர், அந்தப் பக்கம் மூவர். தனித்தனி அடுப்பில் சோறு பொங்கினார்கள். படுதாவைத் தாண்டிப் போகக்கூடிய ஒரே ஆள் அண்ணை. அந்தப் பக்கம் என்ன பேசுகிறார்கள் என்று இந்தப் பக்கம் கேட்பார்கள். இந்தப் பக்கம் யாருக்கு எங்கே வலி என்று அந்தப் பக்கம் கேட்பார்கள். "நான் ஒண்டும் சொல்லுறேல்லை," என்று என்னிடம் சொன்னார். ஆனால் அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. சளசளவென்று பேசும் ஜெர்மன் மல்லர்கள்கூட அந்தப் படுதாவுக்குப் பக்கத்தில் போனால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை முதல் கூட்டத்து இளைஞன் ஒருவனை அண்ணை மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். ஆறு பேரில் அவன்தான் சிறியவன். இருபத்து மூன்று வயது இருக்கும். பயிற்சியில் விழுந்து கழுத்து பிடித்துக்கொண்டதாகச் சொன்னான். எக்ஸ்ரே எடுத்தேன். கழுத்தின் கீழ்ப்பகுதியில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்திருந்தது. தலையில் விழுந்து பிழைப்பவர்களுக்கு இது சகஜம். படம் மட்டும் பார்த்து ஆபத்து என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. உள்ளே நரம்பு நசுங்குகிறதா என்பதுதான் கேள்வி.

"கை மரத்துப்போகுதா, ஊசி குத்துற மாதிரி இருக்கான்னு கேளுங்க அண்ணை. கவனமா கேளுங்க. இது ரொம்ப இம்பார்ட்டன்ட்."

அண்ணை கேட்டார். இளைஞன் நீளமாகப் பதில் சொன்னான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, அண்ணையையே பார்த்தான்.

"இல்லையாம்," என்றார் அண்ணை.

"அவ்வளவுதானா? இவ்வளவு நேரம் பேசினாரே?"

"ஓம், அவை மரியாதையாச் சுத்தி வளைச்சுத்தான் கதைப்பினம். ஒண்டும் இல்லையாம், தங்கச்சி."

என் இரண்டு விரல்களைப் பிடித்து அழுத்தச் சொன்னேன். இரும்பாக அழுத்தினான். ஊசியால் தொட்டுக் கேட்டேன். தொட்ட இடமெல்லாம் தெரிகிறது என்று தலையாட்டினான். தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டேன். எழுந்து நின்று இடுப்புவரை குனிந்து வணங்கினான். குனிந்தவன் நிமிர வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்தது. அதை நான் பார்த்தேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்கே திடலுக்குப் போய்விட்டேன். நல்ல வெயில். கூடாரத்துக்குள் துணி வழியாக இறங்கிய வெளிச்சம் எல்லார் முகத்தையும் மஞ்சளாக்கியிருந்தது. காமாலை வார்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது எனக்கு. நடுவர் மேடையின் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் வேலை இல்லை.

"இன்று முன்வரிசையில் உட்காராதீர்கள்," என்றார் என்னிடம். "மணிக்காரர் மேசைக்குப் பின்னால் உட்காருங்கள்."

"ஏன்?"

கயிற்றை விட்டார். "மற்ற ஆட்டங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். ஜப்பானியர் ஆட்டங்கள் மூன்றுக்கும் யார் ஜெயிப்பது என்று இன்னும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் போய்க் கேட்டேன். இரண்டு கறுப்பு சூட்டுகளும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். முப்பது வருடத்தில் இப்படி நடந்ததில்லை."

நான் உடனே அண்ணையைத் தேடிப் போனேன். அவர் கூடாரத்துக்கு வெளியே தண்ணீர்க் குழாயருகில் தனியாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சிகரெட்டைக் கீழே போட்டார்.

"தங்கச்சி, உங்களைத்தான் தேடி வர இருந்தனான். ஒரு பிழை விட்டுட்டன்."

"என்ன பண்ணீங்க?"

"அண்டைக்கு ஆஸ்பத்திரியில அந்தப் பெடியன் இல்லை எண்டு சொல்லேல்லை. இடக்கையில மூண்டு விரல் ஒரு மாசமா மரத்துப்போய்க் கிடக்குது எண்டுதான் சொன்னவன். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு என்னைக் கேட்டான். வரேக்க, உங்கட படியில வைச்சு முழங்காலில நிண்டு கேட்டவன். ஏலாதவன் எண்டு திருப்பி அனுப்பினா, அங்க அவனை ஒருத்தரும் பிறகு மேடையில ஏத்தமாட்டினம். எனக்கு மனம் கேக்கேல்லை."

அவரை அடித்துவிடுவேனோ என்றுகூடத் தோன்றியது.

"இப்ப ஏன் சொல்றீங்க?"

"இப்பதான் அங்கால படுதாவுக்குப் பின்னால நிண்டனான். மற்றக் கம்பெனியின்ர சூட்டுக்காரன் தன்ர ஆளுக்குச் சொன்னதைக் கேட்டன். வெல்லுறது மட்டும் காணாதாம். அவன் எழும்பி நிக்கக் கூடாதாம். கழுத்து எண்ட சொல்லும் கேட்டது, தங்கச்சி. நான் ஒண்டும் சொல்லேல்லை, அம்மாவாணை. ஆனா அவைக்கு எப்பிடியோ தெரிஞ்சிருக்கு."

"அந்த ஆள் என்ன சொன்னார்?"

"ஓம் எண்டு தலையாட்டினவர்."

நான் ஓடினேன். இளைஞன் தன் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து முழங்காலுக்குத் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தான். வலக்கையால் மட்டும். நான் அவன் இடக்கையைப் பிடித்தேன். பின்னாலேயே வந்த அண்ணை அவனிடம் ஏதோ சொல்ல, அவன் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. அந்த நேரத்தில் என் பையிலிருந்த கிடுக்கியை எடுத்து அவன் நடுவிரல் நுனியைக் கடிக்க விட்டேன். இறுக்கினேன். அவன் அண்ணையுடன் பேசிக்கொண்டே இருந்தான். விரல் நுனி வெளுத்தது. அவனுக்குத் தெரியவில்லை.

பேசி முடித்துத் திரும்பியவன் தன் விரலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஒரே ஒரு சொல் சொன்னான்.

"தயவு செய்து எண்டு சொல்லுறான்," என்றார் அண்ணை.

அமைப்பாளரிடம் போனேன். இரண்டாயிரம் பேர் உட்காரும் கூடாரம் நிரம்பிக்கொண்டிருந்தது. அவர் என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து நான் கையெழுத்திட்ட சான்றை எடுத்து விரித்துக் காட்டினார்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

"தவறான தகவலின் மேல் போட்டது. நான் திரும்பப் பெறுகிறேன்."

"செவ்வாய்க்கிழமை எழுத்தில் கொடுங்கள்," என்றார். "இன்று உங்களுக்கு உட்காரப் பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். ஆட்டம் நடக்கும்."

சட்டப்படி மருத்துவர் இல்லாமல் ஆட்டம் நடக்கக் கூடாது. ஆனால் அவர் நடத்துவார் என்பது முகத்தில் தெரிந்தது. போலீசைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். என்னவென்று சொல்வேன்? ஒரு சுருட்டுக்காரர் குஸ்தி நடத்துகிறார் என்றா? நான் போய்விட்டால் அந்தப் பையனுக்குப் பக்கத்தில் யாருமே இருக்கமாட்டார்கள். மணிக்காரர் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

ஜப்பானியர்களின் முதல் இரண்டு ஆட்டங்களும் தீர்ப்பில்லாமல் முடிந்தன. யாரும் யாரையும் விழ விடவில்லை. பார்வையாளர்கள் சீட்டியடித்து, பியர்க் குவளைகளைப் பலகையில் தட்டிச் சலித்துக்கொண்டார்கள். பிறகு இளைஞன் ஏறினான். எதிரே மற்றக் கம்பெனியின் ஆள். முப்பது வயது, அடர்ந்த புருவம், அமைதியான முகம். நடுவர் இருவருடைய கைகளையும் தடவிப் பார்த்தார். திரும்பும்போது என்னை ஒரு தடவை பார்த்தார்.

நான்கு நிமிடச் சுற்றுகள். முதல் சுற்றில் இருவரும் ஒருவரையொருவர் சுற்றி வந்தார்கள், அவ்வளவுதான். இரண்டாவது சுற்றில் மூத்தவர் ஓர் அறை விட்டார். அதுவரை அந்தக் கூடாரத்தில் ஆயிரம் அறைகள் கேட்டிருப்பேன். எல்லாம் உள்ளங்கையைக் குழித்து அடிப்பவை, சத்தம் பெரிதாக வரும், வலிக்காது. இது அப்படிக் கேட்கவில்லை. மந்தமான, ஈரமான சத்தம். கூட்டம் குவளைகளைத் தட்டுவதை நிறுத்தியது. என்ன மாறியது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஏதோ மாறிவிட்டது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

மூன்றாவது சுற்றில் அவர் இளைஞனைக் குப்புறத் தள்ளி, முழங்கையைக் கழுத்தின் அடியில் வைத்து முழு எடையையும் சாய்த்தார். நடுவர் தோளைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. மணி அடித்ததும்தான் எழுந்தார். இப்போது படுதாவின் இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து மேடையின் இரண்டு ஓரங்களிலும் நின்றார்கள். கறுப்பு சூட்டுகள் இரண்டும் எதிரெதிர் வரிசையில், மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தன.

நான்காவது சுற்றில் மூத்தவர் இளைஞனை இடுப்பில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். கால்கள் கூடாரத்தின் உச்சியை நோக்கி நின்றன. இந்தப் பிடியில் தூக்கப்படுகிறவன் எதிராளியின் இடுப்பைக் கட்டிக்கொள்வான். அப்போதுதான் இருவரும் சேர்ந்து பத்திரமாக விழ முடியும். நடுவர் எனக்குச் சொல்லித் தந்தது. இளைஞனின் வலக்கை பிடித்திருந்தது. இடக்கை தொங்கியது. ஈரத்துணிபோல் தொங்கி ஆடியது.

மணிக்காரரின் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கி மணியில் அடித்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. மணிக்காரர் என் கையைப் பிடித்த பிறகும் அடித்தேன்.

மூத்தவரின் பிடி மணிச் சத்தத்தில் தளர்ந்தது. வருடக்கணக்கான பழக்கம். மணி கேட்டால் விட வேண்டும். இளைஞன் அவர் கைகளிலிருந்து சரிந்து, ஒருக்களித்து, தோள் பட விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் மேசைவரை கேட்டது.

மேடைக்குள் ஊர்ந்து போய் அவன் தலையை என் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே வைத்து, கையால் அசையாமல் பிடித்துக்கொண்டேன். பார்வையாளர்கள் வீசிய நாற்காலித் திண்டுகள் பறந்து வந்து விழுந்தன. மேடையின் இரண்டு ஓரத்து ஆட்களும் கயிற்றுக்குள் நுழையப் பார்த்தார்கள். அப்போது மூத்தவர் ஒரு காரியம் செய்தார். இளைஞனின் காலடியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தன் ஆட்களைப் பார்த்து உறுமலாக ஒரு வார்த்தை சொன்னார். யாரும் உள்ளே வரவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் அங்கேயே இருந்தார். நான் இளைஞனிடம் தெரிந்த மொழியிலெல்லாம் அசையாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. கால்கள் அசைந்தன. அடுத்த வாரம் நரம்பு அறுவை மருத்துவர்கள் கழுத்தைத் திறந்து, எலும்புகளுக்கு நடுவே நசுங்கியிருந்த டிஸ்க்கை எடுத்து, எலும்புகளைப் பொருத்தினார்கள். நடப்பான், ஆனால் இனி மேடையேற முடியாது என்றார்கள். அவன் கம்பெனியின் கறுப்பு சூட்டு மனிதர் ஒரு முறை வந்தார். கட்டிலின் அருகே பத்து நிமிடம் நின்றார். போகும்போது அலமாரியிலிருந்து கம்பெனிப் பெயர் தைத்த மேல்சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இதற்கெல்லாம் முன்பே, அந்த ஞாயிறுக்கு அடுத்த புதன்கிழமை, மூத்தவர் வந்தார். திடலிலிருந்து நடந்தே வந்திருந்தார். நான் அண்ணையை வரவழைத்தேன். ஞாயிறுக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை, "ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்," என்பதுதான். அண்ணை தலை குனிந்து, "ஓம்," என்றார்.

மூத்தவர் மெதுவாக, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்திப் பேசினார்.

"நிக்க விடாதை எண்டு எனக்குச் சொன்னவை. நான் ஓம் எண்டனான்," என்றார் அண்ணை, அவர் குரலாகவே. "விடுதியில இவன் எனக்குப் பக்கத்துப் பாயில படுத்தவன். தூக்கினாப் பிறகு, மேல இருந்துகொண்டு, கை பிடிக்குதில்லை எண்டு எனக்கு மட்டும் கேக்கச் சொன்னவன். அது எனக்குக் கேட்டது. பிறகு மணி அடிச்சது."

"மணி அடிக்கலைன்னா?" என்று கேட்டேன்.

அண்ணை கேட்டார். மூத்தவர் வார்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாக்கியம் சொன்னார்.

"தெரியாதாம்," என்றார் அண்ணை. "உண்மையாவே தெரியாது எண்டுதான் சொல்லுறார்."

அவர் வார்டுக்குள் போகவில்லை. கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்றே அவர்கள் மூவரும் ரயிலேறினார்கள் என்று நடுவர் பிறகு சொன்னார்.

விடுப்பிலிருந்து திரும்பிய தலைமை மருத்துவர், சுத்தியலைப் பிடுங்குவதற்கு முன் ஆட்டத்தையே தொடங்க விடாமல் செய்திருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தக் கூடாரத்துக்கு நான் மறுபடி போகவில்லை. அவர்களும் என்னைக் கூப்பிடவில்லை. அண்ணையிடம் நான்கு மாதம் பேசவில்லை. அவரும் அதற்குப் பிறகு யாருக்கும் மொழிபெயர்க்கப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இளைஞன் ஊர் திரும்பிய அடுத்த வசந்தத்தில் எனக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. அதை எடுத்துக்கொண்டு அண்ணையின் அறைக்கே போனேன். அவர் தேநீர் ஊற்றிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். பெட்ரோல் நிலையம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, வலக்கைக்குக் குறையில்லை, இடக்கையால் சில்லறை எண்ண முடியவில்லை, கல்யாணம் பேசுகிறார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தானாம். நன்றி என்று எங்கும் எழுதவில்லையாம். என் மேல் கோபம் இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தானாம்.

மறுநாள் அந்த அட்டையைப் பல்கலைக்கழகத்தில் ஒரு ஜப்பானிய மாணவியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அண்ணை சொன்னது ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது.

அப்படிச் செய்ததை அவரிடம் மறைக்க எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த முறை பார்த்தபோது சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"நானெண்டாலும் அப்பிடித்தான் செய்திருப்பன், தங்கச்சி," என்றார். "வாங்கோ, மழை வரப்போகுது, டிராமைப் பிடிப்பம்."

அந்த இலையுதிர்காலத்தில் வடக்கே பீலெஃபெல்ட் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைத்தது. என் பெட்டிகளை ரயிலடிவரை தூக்கி வந்தவர் அவர்தான்.